விருதுநகர் மாவட்டம்: வீடில்லாதவர்களின் கணக்கு யார் கையில்?

விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் 2025ஆம் ஆண்டு ஊராட்சித் தலைவர் இல்லாமலே கழிந்திருக்கிறது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த தேர்தலில் வென்றவர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அன்றிலிருந்து 450 கிராம ஊராட்சிகளும், 11 ஊராட்சி ஒன்றியங்களும், அவற்றுக்கு மேலே உள்ள மாவட்ட ஊராட்சியும் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருக்கின்றன. வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர் எல்லோரும் முன்னாள் ஆகிவிட்டார்கள். நகரங்களில் நிலைமை வேறு. சிவகாசி மாநகராட்சி, விருதுநகர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் என்று ஐந்து நகராட்சிகள், ஒன்பது பேரூராட்சிகள் ஆகியவற்றில் 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இயங்குகின்றன. அவற்றின் காலம் 2027 மார்ச் வரை.

ஆண்டு முடியும்போது மக்கள் பிரதிநிதி தன் பகுதிக்கு என்ன நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்குச் சொல்வது மக்களாட்சியில் அடிப்படையான கடமை. சாலை, குடிநீர், தெருவிளக்கு விஷயத்தில் அந்தக் கணக்கு எப்படியாவது வெளியே வந்துவிடும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் தெருவே குடத்தோடு சாலையில் உட்காரும். வீடில்லாதவர்கள் அப்படி உட்காருவதில்லை. அவர்களுக்குத் தெரு கிடையாது, வார்டு கிடையாது, பலருக்கு ஓட்டும் கிடையாது. அதனாலேயே அவர்களைப் பற்றிய கணக்கை யாராவது பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு எங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான், வீடு கட்டும் திட்டங்கள் இத்தனை இருந்தும் வீடில்லாதவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பதும் புரியும்.

முதலில், யார் வீடில்லாதவர்? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இதில் ஒரு தெளிவான விடை உண்டு. கூரை உள்ள கணக்கெடுப்பு வீடு எதிலும் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, ரயில் நிலையம், கோயில் மண்டபம், மாடிப்படியின் அடி, பெரிய சிமெண்டுக் குழாய் போன்ற இடங்களில் வாழ்பவர். 2011இல் பிப்ரவரி 28ஆம் தேதி இரவில் நாடு முழுவதும் இவர்களை எண்ணினார்கள். இந்தியாவில் 17.73 லட்சம் பேர் என்று வந்தது. அதில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிராமப் பகுதிகளில் இருந்தவர்கள். வீடற்றவர் என்றால் சென்னையின் நடைபாதை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேர் கிராமத்துக் கணக்கில் இருந்தார்கள் என்பது மறக்கக் கூடாத செய்தி.

விருதுநகர் மாவட்டத்தில் இந்த வரையறைக்குள் வருபவர்களைப் பார்ப்பது கடினமல்ல. பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் படுப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில், சதுரகிரி அடிவாரம் போன்ற இடங்களை நம்பி வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். மனநலம் குன்றி ஊர் ஊராய் நடப்பவர்கள் நான்குவழிச் சாலை ஓரங்களில் தென்படுகிறார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் வீடின்மையின் பெரும்பகுதி இந்த வரையறைக்கு வெளியே இருக்கிறது. ஓடைப் புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டவர்கள், கண்மாய்க் கரையில் குடிசை போட்டவர்கள், ஒரே அறையில் மூன்று தலைமுறையாக ஒண்டிக் கிடப்பவர்கள், மாத வாடகை தவறினால் சாமானைத் தூக்கித் தெருவில் வைக்க வேண்டிய காம்பவுண்டு வீட்டுக்காரர்கள் ஆகியோருக்கெல்லாம் தலைக்கு மேல் ஏதோ ஒன்று இருப்பதால் அவர்கள் ‘வீடுள்ளவர்கள்’. நாளைக்கும் அது இருக்குமா என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

பட்டாசுத் தொழில் இந்த நிலையில்லாமையோடு நெருக்கமாகப் பிணைந்தது. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில்தான் தயாராகிறது. மழை பொய்க்கும் கரிசல் காட்டில் விவசாயம் கைவிட்டபோது ஊரைத் தாங்கியது தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும்தான். அந்த நன்றி இந்த ஊர்களுக்கு இன்றும் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் கூலி வாரச் சம்பளமாக வருகிறது, தீபாவளி முடிந்ததும் வேலை சில வாரம் நிற்கிறது, மழைக்காலத்தில் இன்னும் குறைகிறது. தீர்ப்பும் தடையும் வந்தால் முற்றாக நிற்கிறது. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்துப் பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வருமானம் நின்றாலும் வாடகை நிற்காது. ஆலையில் வாங்கிய முன்பணமும் அடுத்த ஆண்டுக் கூலியில் கழியக் காத்திருக்கும்.

விபத்து இன்னும் கொடிது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2025 ஜூலை 1ஆம் தேதி சின்னகாமன்பட்டியிலும் ஒரு பெரிய வெடிவிபத்து நடந்தது. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர், விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய உயர்கல்வி வரையான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு மாவட்ட அளவில் ரூ.5 கோடி நிதி ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் படிக்கும் பிள்ளைக்கு இரவில் தங்க நிலையான இடமும் வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே ஆலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், ஒரு விபத்து ஒரு வீட்டின் வாடகை மொத்தத்தையும் ஒரே பகலில் அழித்துவிடும். பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போய்ச் சேரும் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் வீடில்லாதவர்கள் அல்லர்.

வீடே தொழிற்கூடமாவதும் இங்கே உண்டு. தீப்பெட்டிக் கட்டு ஒட்டுவது பல ஊர்களில் திண்ணை வேலை, அதில் ஆபத்து குறைவு. கருந்திரி தயாரிப்பையும் பட்டாசு உருட்டுவதையும் அனுமதியில்லாமல் வீட்டுக்குள் செய்வது உயிரையும் கூரையையும் சேர்த்தே கொண்டுபோகும். தனியாக ஒரு கொட்டகை போட இடமில்லாத, கூலி உயராத குடும்பம்தான் அந்த வேலையை அடுப்பங்கரைக்குள் கொண்டுவருகிறது. போலீஸ் வழக்குப் போடுவது அவசியம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு என்ன மாற்று என்று கேட்பது உள்ளாட்சியின் வேலை.

அரசு தரும் வீடுகளுக்கு வருவோம். இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1970இல் குடிசை மாற்று வாரியம், எண்பதுகளின் நடுவில் வந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் தொகுப்பு வீடுகள், 1997இல் தொடங்கிய சமத்துவபுரங்கள், 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் என்று ஆட்சி மாற மாறப் பெயர் மாறினாலும் வேலை நிற்கவில்லை. மத்திய அரசின் ஊரகக் குடியிருப்புத் திட்டம் 2016 முதல் சமவெளிப் பகுதிக்கு ரூ.1.20 லட்சம் தருகிறது. அதற்குள் வீடு முடியாது என்பதால் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு மேலும் ரூ.1.20 லட்சம் சேர்க்கிறது.

இப்போது முன்னால் நிற்பது கலைஞரின் கனவு இல்லம். 2024 பிப்ரவரி 19ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் இதை அறிவித்த நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இதே மாவட்டத்தின் திருச்சுழித் தொகுதிக்காரர். 2030க்குள் குடிசையில்லா தமிழ்நாடு, அதற்காக ஊரகப் பகுதியில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் ஆண்டில் ஒரு லட்சம், வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் என்பது திட்டம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மேலும் ஒரு லட்சம் வீடுகளுக்கு ரூ.3,500 கோடி ஒதுக்கப்பட்டது. 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையோடு இருக்க வேண்டும். பணம் ஒரே தவணையில் வராது. அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை மட்டம் என்று வேலை ஏற ஏற, ஒன்றியப் பொறியாளர் பார்த்து அளவெடுத்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். கையில் கொஞ்சம் காசு உள்ளவருக்கு இது நல்ல ஏற்பாடு. அன்றாடங்காய்ச்சிக்கு முதல் தவணைக்கு முன்பே அஸ்திவாரம் தோண்டக் கடன் வாங்க வேண்டும். குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, வீடு முடியும் வரை பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக் குடியிருக்கவும் வேண்டும். பல வீடுகள் கூரை மட்டத்தோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கைமுதல்தான், பயனாளியின் சோம்பல் அல்ல.

இவை எல்லாவற்றிலும் முதல் நிபந்தனை ஒன்றே: நிலம் பயனாளியின் பெயரில் இருக்க வேண்டும். கனவு இல்லத்துக்கும் சொந்த மனையோ பட்டாவோ வேண்டும். வாடகைக் குடிசைக்கும் ஆட்சேபணையுள்ள புறம்போக்குக் குடிசைக்கும் அந்தத் திட்டம் பொருந்தாது. நகர்ப்புறத்தில் தானே வீடு கட்டிக்கொள்ள மத்திய, மாநில அரசுகள் தரும் உதவிக்கும் மனை வேண்டும். மனையில்லாதவர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடியில் பயனாளிப் பங்குத்தொகை கட்டிச் சேரலாம். அந்தப் பங்குத்தொகை கையில் இருப்பவர் பேருந்து நிலையத்தில் படுக்க மாட்டார்.

2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வகைக் குடும்பங்கள் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏழைப் பட்டியலின் தலையில் வர வேண்டும். தங்க இடமே இல்லாதவர்கள், பிச்சை எடுத்து வாழும் ஆதரவற்றோர், கையால் மலம் அள்ளுவோர், அழிநிலைப் பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோர்தான் அந்த ஐந்து வகை. ஊரகக் குடியிருப்புத் திட்டத்தின் முன்னுரிமையும் அந்தப் பட்டியலிலிருந்தே வந்தது. ஆக, விதிப்படி வீடில்லாதவர் வரிசையின் முதல் ஆள். ஆனால் நிலம் கேட்கும் இடத்தில் அவர் வரிசையை விட்டே வெளியே போகிறார். நிலமில்லாத பயனாளிக்கு மாநில அரசு நிலம் தர வேண்டும் என்றும் விதியில் இருக்கிறது. அந்த நிலத்தைத் தேடித் தரும் அதிகாரம் வருவாய்த் துறையிடமும், வீட்டைத் தரும் அதிகாரம் ஊரக வளர்ச்சித் துறையிடமும் இருக்கின்றன. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் நடந்து நடந்து செருப்புத் தேய்ப்பவர் அந்த மனிதரே.

இந்த இடத்தில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் வீட்டுப் பிரச்சினை என்பது செங்கல், சிமெண்டைவிடப் பட்டாவின் பிரச்சினை. கிராமத்தில் நத்தம் நிலம் நிரம்பி வெகுகாலமாகிறது. அடுத்த தலைமுறை குடியேறிய இடங்கள் ஓடை, கண்மாய், மந்தை, மேய்க்கால், கோயில் நிலம் என்று வகைப்படுத்தப்பட்டவை. நீர்நிலையில் பட்டா கிடையாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது, நீதிமன்ற உத்தரவுகளும் இருக்கின்றன. கண்மாயை நம்பி வாழும் வறண்ட மாவட்டத்தில் அந்தச் சட்டம் தேவையானதே. ஆனால் கண்மாயைக் காப்பாற்றக் குடிசையை இடிக்கும் நாளிலேயே மாற்று மனையைக் கையில் கொடுப்பதும் சேர்ந்து நடந்தால்தான் அது நீதியாகும்.

நீர்நிலை போன்ற தடையில்லாத, ஆட்சேபணையற்ற புறம்போக்கில் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை, சென்னை சுற்றுவட்டாரத்திலும் மற்ற நகர்ப்புறங்களிலும் அப்படிப்பட்ட நிலத்தில் வாழும் சுமார் 86,000 பேருக்குப் பட்டா வழங்க ஒப்புதல் தந்தது. பட்டா மேளாக்களில் மனைப் பட்டாக்கள் கட்டுக்கட்டாகக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் பழைய நோய் ஒன்று இன்னும் தீரவில்லை. ஆதிதிராவிட மக்களுக்கு மனை தருவதற்காக நிலம் எடுக்க 1978இலேயே தனிச் சட்டம் வந்தது. அதன்படி நிலம் எடுத்து, பட்டாவும் எழுதிக் கொடுத்து, அளந்து கல் ஊன்றித் தராமல் விட்ட மனைகள் தமிழகம் முழுவதும் உண்டு. பட்டா டிரங்குப் பெட்டியில் இருக்கும், மனை எங்கே என்று யாருக்கும் தெரியாது. பழைய நில உரிமையாளர் அங்கே பருத்தி விதைத்திருப்பார். திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், ஆண்டுக்கொரு முறை வரும் ஜமாபந்தியிலும் மனுக்களில் பெரும்பங்கு மனைப் பட்டாவுக்கானது. 2024 நவம்பரில் ரூ.77 கோடியில் திறக்கப்பட்ட ஆறு மாடிப் புதிய ஆட்சியர் அலுவலகக் கட்டடத்தின் வாசலுக்கும் அதே மனுக்கள்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. அங்கே இவற்றை வரிசைப்படுத்தி, எந்த ஊராட்சியில் எத்தனை பட்டா அளக்கப்படாமல் கிடக்கிறது என்று ஆண்டுதோறும் வெளியிட்டாலே பாதி வேலை நடந்துவிடும்.

மலையடிவாரத்தில் உள்ள பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் தனிக் கதை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலும் அவர்கள் வாழ்கிறார்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு வனத்துறையின் பிடி இறுகியிருக்கிறது. அழிநிலைப் பழங்குடியினருக்காக 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறப்பு வீட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பிரிவினருக்கே பொருந்தும். பளியர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுடைய வீட்டுக்கு வழி 2006 வன உரிமைச் சட்டம்தான், அதைத் தொடங்க வேண்டியது கிராம சபை.

குல்லூர்சந்தை, மல்லாங்கிணர் போன்ற இடங்களில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். போரில் வீட்டை இழந்து வந்தவர்கள் இங்கே ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தற்காலிகமாகவே வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ரூ.317 கோடி மதிப்பில் முகாம்களுக்கான திட்டங்களை அறிவித்தார். மாநிலம் முழுவதும் 7,469 பழுதடைந்த வீடுகளை மாற்றிக் கட்டுவது அதில் முக்கியமானது. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டில்லாத ஒரு குடியிருப்புக்கு அரசு நினைத்தால் வீடு கட்ட முடியும் என்பதற்கு இது சான்று. பட்டாவே கேட்காமல் முகாம் நிலத்தில் கட்டினார்கள். மற்ற வீடற்றவர்களுக்கு மட்டும் ஏன் அது முடியவில்லை என்ற கேள்வி நியாயமானது.

நகரங்களில் இன்றிரவே படுக்க இடம் வேண்டுபவருக்கு இருக்கும் ஒரே அமைப்பு நகர்ப்புற வீடற்றோர் தங்கும் விடுதி. உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுகளின் தொடர்ச்சியாக, 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இது சேர்ந்தது. ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் நிரந்தர விடுதி ஒன்று, ஆளுக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பவை அந்த இயக்கத்தின் விதிகளாக இருந்தன. உள்ளாட்சி கட்டடம் தரும், தொண்டு நிறுவனம் நடத்தும்.

சென்னைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு விருதுநகர் மாவட்டத்துக்கு வரும்போது எப்படி உடைகிறது என்பதைப் பார்க்கலாம். 2011 கணக்குப்படி ராஜபாளையத்தில் 1,30,442 பேர். அதைத் தவிர ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரம் அப்போது மாவட்டத்தில் இல்லை. அருப்புக்கோட்டை 87,722. விருதுநகர் 72,296. சிவகாசி 71,040, பக்கத்துத் திருத்தங்கல் 55,362. 2021இல் சிவகாசியும் திருத்தங்கலும் ஒன்றாகி மாநகராட்சியான பிறகே அந்த நகரம் ஒரு லட்சக் கோட்டைத் தாண்டியது. விருதுநகர் மாவட்டத் தலைநகர் என்ற தகுதியில் இயக்கத்துக்குள் வந்தது. சாத்தூர் போன்ற முப்பதாயிரம் பேர் வாழும் ஊருக்கு நூறு பேர் விடுதி தேவையில்லை, பத்துப் பேர் படுக்கக்கூடிய, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உள்ள ஓர் அறை போதும். ஆனால் திட்டம் பெரிய அளவுக்கே தைக்கப்பட்டிருப்பதால் சிறிய ஊர் எதுவும் செய்யாமல் இருந்துவிட முடிகிறது. சிறுநகரங்களில் வீடின்மை கண்ணில் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் அச்சகங்களிலும் ஆலைகளிலும் முதலாளி தரும் அறையில் தங்குகிறார்கள். வேலை போனால் அறையும் போகிறது, பிறகு அவர்களுக்கு ரயில் நிலையம்தான்.

மனநலம் குன்றி அலைபவர்களுக்கு வேறு வழி வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். விருதுநகர் மாவட்டம் 1985இல் பிரிந்து வந்த பழைய ராமநாதபுரத்தின் கடற்கரை ஊர் அது. அதன் பிறகு நாடு முழுவதும் சட்டமும் பார்வையும் மாறின. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சாலையில் அலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுசெல்வது காவல் நிலையத்தின் கடமை, மறுக்க முடியாது. முதியவர்களுக்கு அவர்களின் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், சொத்தை எழுதி வாங்கிவிட்டுத் துரத்தினால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய மூன்று கோட்டங்களிலும் இது நடக்கும். மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உதவிக்கு அழைக்க முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எண்கள் இருக்கின்றன. நள்ளிரவில் ஒரு கிழவியைப் பேருந்து நிலையத்தில் பார்ப்பவர் அழைத்தால் வந்து ஏற்றிக்கொள்ள வண்டியும், இறக்கிவிட இடமும் அந்த ஊரிலேயே இருக்கிறதா என்பதை நகர்மன்றம்தான் கேட்க முடியும்.

இத்தனை துறையும் தனித்தனியாக ஓடும்போது அவற்றை ஒருவர் பெயரைச் சொல்லி இணைப்பவர் வார்டு உறுப்பினர். ‘இந்தத் தெருக்கோடியில் இந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு கூரை இல்லாமல் கிடக்கிறாள்’ என்பது எந்த மென்பொருளிலும் முதலில் பதிவாவதில்லை. அது உறுப்பினருக்குத் தெரியும், ஏனென்றால் அவர் அந்தத் தெருக்காரர். 2016இல் பெண்களுக்கான இட ஒதுக்கீடு பாதியாக உயர்ந்த பிறகு 2019இல் வென்றவர்களில் பாதிக்கும் குறையாதோர் பெண்கள். வாடகை, கழிப்பறை, குடிகாரக் கணவன், மருமகள் சண்டை என்று வீடு உடையும் காரணங்களை நேரில் அறிந்தவர்கள் அவர்கள். பயனாளிப் பட்டியல் கிராம சபையில் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். 2025இலும் கிராம சபை கூடியது, ஆனால் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொன்னவர் அடுத்த தேர்தலில் அவரிடம் ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர் அல்லர். தனி அலுவலர்கள் உழைக்கவில்லை என்று சொல்வது அநியாயம். ஆனால் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் நாற்பது ஊராட்சிகளைச் சுமக்கும்போது ஒவ்வோர் ஊரின் கடைசி வீட்டையும் அவரால் அறிய முடியாது.

இது முதல்முறையும் அல்ல. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் விதி பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிலிருந்து 2020 ஜனவரி வரை மூன்று ஆண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே இருந்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. நடத்தாவிட்டால் நட்டம் பணத்திலும் தெரியும், ஏனென்றால் மத்திய நிதிக்குழு மானியம் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கே உரியது. அந்த மானியத்தில் வீடு கட்ட மாட்டார்கள்தான். ஆனால் புதுமனைப் பகுதிக்குக் குடிநீர்க் குழாயும் வாறுகாலும் அதில்தான் போகின்றன. ஊராட்சியையும் நகரத்தையும் சேர்த்துத் திட்டமிடும் மாவட்டத் திட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், ஆட்சியர் துணைத் தலைவர். 2025 முழுவதும் அந்தத் தலைவர் நாற்காலிக்கு ஆளில்லை. 1958இல் ஊராட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்து ஊராட்சி ஒன்றியங்களுக்கு வழி வகுத்தது விருதுநகர்க்காரரான காமராஜரின் ஆட்சி. அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகர்மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1941இல் வெளியே வந்ததும் முழுமையாக நியாயம் செய்ய முடியாத பதவி வேண்டாம் என்று விலகினார். நாற்காலிக்கு அவர் வைத்த மதிப்பு அது.

வெளிநாட்டு ஒப்பீடு ஒன்று இங்கே பயன்படும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை ஆள்வது ஐந்து பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழு. ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 20 லட்சம் மக்கள், அதாவது விருதுநகர் மாவட்டம் (2011இல் 19.42 லட்சம்) அளவு. வீடற்றோருக்காக அங்கே விற்பனை வரியில் தனிப் பங்கு வசூலிக்கிறார்கள். 2017இல் கால் சதவீதமாக இருந்ததை 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து அரை சதவீதமாக்கினார்கள். அந்த நாட்டில் ஜனவரிதோறும் ஓர் இரவில் வீடற்றோரை எண்ணுகிறார்கள். 2024இல் 7,71,480 பேர். இவ்வளவு பணம் போட்டும் அங்கே பிரச்சினை தீரவில்லை. ஆனால் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அதற்கு முகம் கொடுத்துப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். அருகிலேயே கேரளம், லைஃப் என்ற தன் வீட்டுத் திட்டத்தில் நிலமற்றோரையும் வீடற்றோரையும் ஒரே பட்டியலில் வைத்து உள்ளாட்சிகள் வழியாகவே நடத்துகிறது. நிலமும் வீடும் ஒரே மேசைக்கு வந்ததுதான் அங்கே நடந்த மாற்றம்.

வாக்காளர் பட்டியலும் 2025 இறுதியில் இதே கேள்வியை எழுப்பியது. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு டிசம்பர் 19ஆம் தேதி வெளியான தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதில் பெரும்பங்கு இடம்பெயர்ந்தவர்கள் என்ற தலைப்பில். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறிக்கொண்டே இருப்பவர் அந்தத் தலைப்பில் எளிதாக விழுவார். வீடற்றவருக்கும் வாக்குரிமை உண்டு. படுக்கும் இடத்தை விண்ணப்பத்தில் சொன்னால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும், முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. இந்த விதியைத் தெரிந்த கவுன்சிலர் தன் வார்டில் அதை நடத்திக் காட்டலாம். ஓட்டு வந்துவிட்டால் அந்த மனிதரும் கணக்கில் வருவார்.

ஒரு நகர்மன்றமோ மாநகராட்சியோ ஆண்டு இறுதியில் சொல்லக்கூடிய கணக்கு கடினமானதல்ல. ஓர் இரவில் பேருந்து நிலையம், ரயிலடி, கோயில் வாசல், சந்தைக் கொட்டகையில் படுத்திருந்தவர் எத்தனை பேர், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் எத்தனை. விடுதியில் எத்தனை பேருக்கு இடம், எத்தனை நாள் அது நிரம்பியது. வார்டுவாரியாக ஆட்சேபணையற்ற புறம்போக்குக் குடும்பங்கள் எத்தனை, பட்டா பெற்றவர்கள் எத்தனை, அளந்து தரப்பட்டவை எத்தனை. இடிக்கப்பட்ட குடிசைகள் எத்தனை, மாற்று மனை எத்தனை. தொடங்கிக் கூரை போடாமல் நிற்கும் வீடுகள் எத்தனை. இந்தத் தகவல்கள் தனித்தனிக் கோப்புகளில் ஏற்கனவே இருப்பவை, முதல் இரண்டைத் தவிர. அந்த இரண்டுக்கும் தேவைப்படுவது நான்கு பேரும் ஓர் இரவும்.

அப்படிப்பட்ட இரவு எப்படியும் வரப்போகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போய், அதற்கான அறிவிக்கை 2025 ஜூன் 16ஆம் தேதி வெளியானது. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான காலத்தில் வீடுகளின் பட்டியல், 2027 பிப்ரவரியில் மக்கள் கணக்கு. வீடற்றோரை எண்ணுவது இரண்டாம் கட்டத்தில். கணக்கெடுப்பாளராக வரும் ஆசிரியருக்கு அந்த இரவில் எந்த மண்டபத்தின் பின்புறம், எந்தப் பாலத்தின் கீழ் போக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிவகாசியின் 48 வார்டுகளிலும் நகராட்சிகளிலும் அதைச் சொல்லித் தர அப்போது கவுன்சிலர்கள் பதவியில் இருப்பார்கள், அவர்களுடைய காலம் அதற்கடுத்த மாதம்தான் முடிகிறது. 450 ஊராட்சிகளில் அந்த இரவுக்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும்.